மீக்கடத்தி ரெசொனேட்டரைக் கணினியில் கட்டிப் பார்ப்பது எப்படி?

மீக்கடத்தி மின்சுற்று ஆய்வகத்தில் புதிதாகச் சேர்பவரிடம் முதலில் வந்து சேரும் வேலைகளில் ஒன்று, சிலிக்கான் சில்லில் ஒரு மைக்ரோவேவ் ரெசொனேட்டரை, அதாவது குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அதிரும் மின்சுற்றை, வடிவமைப்பது. மென்பொருளைத் திறந்து, படம் வரைந்து, கணக்கை ஓடவிட்டால் ஏதோ ஒரு விடை வரத்தான் செய்யும். குளிர்விப்பானில் சில்லை வைத்து அளக்கும்போதும் அதே எண் வருமா என்பதுதான் கேள்வி. வெறும் இயல்பு அமைப்புகளோடு ஓடவிட்டால் பெரும்பாலும் வராது. நீங்கள் சொல்லும்வரை உங்கள் உலோகம் மீக்கடத்தி என்பது மின்காந்த மென்பொருள் எதற்கும் தெரியாது.

இங்கே ஒரே ஒரு எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்கிறேன்: அலுமினியப் படலத்தில், 6 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் கால் அலைநீள ரெசொனேட்டர். 2003-இல் கால்டெக்கும் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியும் சேர்ந்து வானியல் உணரியாக முன்வைத்ததும், 2004-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கியூபிட்டோடு (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) இணைத்துக் காட்டியதும் இதே கோப்ளேனார் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்; கம்பியும் அதன் இரு பக்க உலோகமும் ஒரே தளத்தில் இருக்கும் வகை இது. என் பரிந்துரை இதுதான்: முழுச் சில்லையும் ஒரேயடியாக மென்பொருளுக்குள் போடாதீர்கள். துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் வர வேண்டிய எண்ணைக் கையால் கணக்கிட்டு வைத்துக்கொண்டு, அப்புறம் ஓடவிடுங்கள்.

1. எதை வரையப் போகிறோம்?

சிலிக்கான் மேல் மெல்லிய உலோகப் படலம். அதில் 10 மைக்ரான் அகலமுள்ள ஒரு நடுக்கம்பி. அதன் இரு பக்கமும் 6 மைக்ரான் இடைவெளி. அதற்கு அப்பால் கிரவுண்ட், அதாவது பூச்சிய மின்னழுத்தத்தில் இருக்க வேண்டிய உலோகப் பரப்பு. கம்பியின் ஒரு முனை திறந்திருக்கும், மறு முனை கிரவுண்டோடு சேர்ந்திருக்கும். திறந்த முனையில் மின்னழுத்தம் உச்சத்திலும், மூடிய முனையில் மின்னோட்டம் உச்சத்திலும் இருக்கும். திறந்த முனைக்குப் பக்கத்தில் ஃபீட்லைன் என்ற சமிக்ஞைக் கம்பி ஓடுகிறது. அதன் ஒரு பக்கம் சமிக்ஞை அனுப்பி மறுபக்கம் அளந்தால், ரெசொனேட்டரின் அதிர்வெண்ணில் மட்டும் ஒரு பள்ளம் தெரியும். அந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது, எவ்வளவு அகலம் என்ற இரண்டையும்தான் மென்பொருளிடம் கேட்கப் போகிறோம்.

2. கைக்கணக்கு

குளிர்நிலையில் சிலிக்கானின் மின்கடத்தா மாறிலி சுமார் 11.45. அறை வெப்பநிலைக்குரிய 11.9-ஐப் போட்டால் அதிலேயே 2 சதவீதம் அளவுக்கு அதிர்வெண் தள்ளிப்போகும். மென்பொருளின் பொருள் பட்டியலில் இருப்பது பெரும்பாலும் அறை வெப்பநிலை எண்தான், பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

கோப்ளேனார் கம்பியில் புலத்தின் பாதி சிலிக்கானிலும் பாதி வெற்றிடத்திலும் இருப்பதால், பயன்படு மாறிலி என்பது இரண்டின் சராசரி: 11.45-உம் 1-உம் கூட்டி இரண்டால் வகுத்தால் 6.225. ஒளியின் வேகத்தை இதன் வர்க்கமூலத்தால் வகுத்தால் அலை ஓடும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 12 கோடி மீட்டர். 6 கிகாஹெர்ட்ஸுக்கு முழு அலைநீளம் 20 மில்லிமீட்டர், கால் பங்கு 5 மில்லிமீட்டர். 10-க்கு 6 என்ற அகல விகிதத்தில் மின்எதிர்ப்பு (இம்பீடன்ஸ்) 51 ஓம் வருகிறது; மைக்ரோவேவ் கருவிகளின் வழக்கமான 50-க்குப் பக்கம், போதும். இந்தக் கம்பியின் இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் பண்பு) மீட்டருக்குச் சுமார் 0.42 மைக்ரோஹென்றி. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை தேவைப்படும்.

3. எந்த மென்பொருள்?

படலங்கள் அடுக்கடுக்காக, தட்டையாக இருக்கும் சில்லுக்கு சானெட் மாதிரி உலோகப் பரப்பை மட்டும் கட்டங்களாக வெட்டும் மென்பொருள் வசதியானது. மீக்கடத்தியின் பண்பை ஒரே எண்ணாகக் கொடுக்க அதில் தனி இடமே இருக்கிறது. சிறிய கணக்குகளுக்கு இலவசப் பதிப்பும் உண்டு. வயர்பாண்ட் (சில்லில் ஒட்டும் மெல்லிய இணைப்புக் கம்பி), பாலம், உலோகப் பெட்டி என்று முப்பரிமாண விஷயங்கள் முக்கியமானால் அன்சிஸ் எச்எஃப்எஸ்எஸ் அல்லது காம்சால். உரிமக் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு அமேசான் வெப் சர்வீசஸின் குவாண்டம் குழுவிலிருந்து 2023-இல் வந்த பேலஸ் நல்ல வழி; திறமூலம், லினக்ஸ் கிளஸ்டரில் ஓடும். ஆனால் அதற்குத் தனியாக மெஷ் செய்து, அதாவது வடிவத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, கொடுக்க வேண்டும்.

காலப்போக்கில் அலையை அடி அடியாக நகர்த்திக் கணக்கிடும் ஓப்பன்இஎம்எஸ் போன்றவற்றை இந்த வேலைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் எளியது. நம் ரெசொனேட்டரின் கியூ மதிப்பு (ஆற்றலை எவ்வளவு நேரம் பிடித்து வைக்கிறது என்பதன் அளவு) 10,000 என்றால், உள்ளே போன ஆற்றல் வடிய 0.27 மைக்ரோவிநாடி ஆகும். 1 மைக்ரான் கட்டத்துக்கு ஒரு காலப்படி 2 ஃபெம்டோவிநாடிக்கும் குறைவு. ஆக, ஒருமுறை வடிவதைப் பார்க்கவே 10 கோடிக்கும் மேற்பட்ட படிகள் வேண்டும். ஆண்டெனாவுக்கு அருமையான கருவிதான். உயர் கியூ ரெசொனேட்டருக்கு இல்லை.

4. உலோகத்தை மீக்கடத்தியாக்குவது

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. மீக்கடத்திக்கு மின்தடை இல்லை, அதனால் குறையற்ற கடத்தி என்று கொடுத்துவிட்டால் போதும் என்று தோன்றும். மின்தடையைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் மின்னோட்டத்தைச் சுமக்கும் எலக்ட்ரான் சோடிகளுக்கு நிறை உண்டு. 6 கிகாஹெர்ட்ஸில் அவை விநாடிக்கு 1200 கோடி தடவை திசை மாற வேண்டும். அந்த நிலைமம் மின்சுற்றில் ஒரு கூடுதல் இண்டக்டன்ஸாகத் தெரிகிறது. இதைத்தான் கைனடிக் இண்டக்டன்ஸ் என்கிறோம். காந்தப் புலத்தால் வரும் இண்டக்டன்ஸோடு இதுவும் கூடும், அதிர்வெண் இறங்கும்.

மென்பொருளுக்கு இதை ஒரு சதுரத்துக்கு இத்தனை பிகோஹென்றி என்று சொல்ல வேண்டும் (சதுரம் பெரிதோ சிறிதோ, எண் ஒன்றுதான்). அந்த எண்ணைப் பெற இரண்டு அளவுகள் போதும்: படலத்தின் பரப்பு மின்தடை, அது மீக்கடத்தியாக மாறும் வெப்பநிலை. மின்தடையை ஒரு சதுரத்துக்கு ஓமிலும், வெப்பநிலையைக் கெல்வினிலும் எடுத்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்து 1.38-ஆல் பெருக்கினால் பிகோஹென்றியில் விடை கிடைக்கும். மாறும் வெப்பநிலைக்குச் சற்று மேலே, குளிர்ந்த நிலையில் அளந்த மின்தடையையே எடுங்கள். அறை வெப்பநிலை மின்தடை கூடுதலாக இருக்கும். மாசு கலந்த மெல்லிய படலங்களுக்கு, மாறும் வெப்பநிலையைவிட வெகு கீழே, இந்தச் சூத்திரம் நன்றாகப் பொருந்தும்.

ஒரு சதுரத்துக்கு 0.1 ஓம், 1.2 கெல்வின் உள்ள அலுமினியப் படலத்துக்குப் போட்டுப் பார்ப்போம்: 0.115 பிகோஹென்றி. பார்க்கச் சிறியதுதான். நம் 10-க்கு 6 கம்பியில், 100 நானோமீட்டர் தடிமனில், இது மீட்டருக்கு 0.018 மைக்ரோஹென்றியாக மாறுகிறது. மொத்த இண்டக்டன்ஸில் 4 சதவீதம். அதிர்வெண்ணில் ஏறத்தாழ 2 சதவீதம். 6 என்று நினைத்தது 5.88-இல் வந்து நிற்கும். இதையே நியோபியம் டைட்டானியம் நைட்ரைடில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுரத்துக்கு 40 ஓம், 14 கெல்வின் என்றால் 4 பிகோஹென்றிக்குப் பக்கம். அப்போது 6 கிகாஹெர்ட்ஸ் ரெசொனேட்டர் 3.8-ஐ ஒட்டி இறங்கிவிடும். அளவுக் கருவியின் பட்டையை விட்டே வெளியே போய்விடலாம்.

சானெட்டில் உலோக வகைப் பட்டியலில் பொது வகையைத் தேர்ந்தால் நான்கு கட்டங்கள் வரும். மூன்றில் பூச்சியம், பரப்பு இண்டக்டன்ஸ் கட்டத்தில் மட்டும் 0.115. அவ்வளவுதான். எச்எஃப்எஸ்எஸ்ஸில் உலோகத் தகட்டுக்கு மின்எதிர்ப்பு எல்லை கொடுத்து, மின்தடைப் பகுதியைப் பூச்சியமாகவும், மின்மறுப்புப் பகுதியை இரண்டு பை, அதிர்வெண், பரப்பு இண்டக்டன்ஸ் மூன்றின் பெருக்கலாகவும் கொடுக்க வேண்டும். 1 பிகோஹென்றிக்கு 6 கிகாஹெர்ட்ஸில் அது 0.0377 ஓம். அதிர்வெண்ணோடு மாறும் எண் என்பதால் நிலையான எண்ணாக அடிக்காமல் கோவையாகவே எழுதுங்கள்.

இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். படலத்தைத் தடிமனில்லாத ஒற்றைத் தகடாக வரையுங்கள். தடிமனோடு வரைந்து எல்லா முகங்களுக்கும் இதே எண்ணைக் கொடுத்தால் மின்னோட்டம் மேல் முகத்துக்கும் கீழ் முகத்துக்கும் பிரிந்து கணக்கு கெட்டுவிடும். அடுத்து, நடுக்கம்பிக்குக் கொடுத்த எண்ணைக் கிரவுண்டுக்கும் கொடுங்கள். நம் அளவுகளில் கைனடிக் பங்கில் கால்வாசிக்கும் மேல் கிரவுண்டின் ஓரங்களிலிருந்து வருகிறது.

5. பெட்டியும் போர்ட்டும்

சிலிக்கான் 500 மைக்ரான், அதன் மேல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெற்றிடம், சுற்றி உலோகச் சுவர். இதுதான் வழக்கமான அடுக்கு. சுவர் இருக்கிறதென்றால் அந்தப் பெட்டியே ஒரு ரெசொனேட்டர் என்பதை மறக்கக் கூடாது. 10 மில்லிமீட்டர் சதுரப் பெட்டி வெற்றிடமாக இருந்தால் அதன் முதல் அதிர்வு 21 கிகாஹெர்ட்ஸில். முழுக்கச் சிலிக்கான் நிரம்பியிருந்தால் 6.3-இல், நம் ரெசொனேட்டருக்குப் பக்கத்து வீடு. உண்மை இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கும். ஆகவே வரைபடத்தில் எதிர்பாராத கூர்மையான ஒரு பள்ளம் தெரிந்தால் பெட்டியின் அளவைக் கொஞ்சம் மாற்றி மறுபடி ஓடவிடுங்கள். பள்ளம் நகர்ந்தால் அது பெட்டியுடையது. நகராமல் நின்றால் உங்களுடையது. சில்லை வைக்கப்போகும் உண்மையான பெட்டியின் அளவு தெரிந்தால், அதையும் இப்படியே ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது.

கோப்ளேனார் கம்பியில் இரண்டு பக்கக் கிரவுண்டும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்க வேண்டும். வளைவுகளிலும் இணைப்புப் பகுதியிலும் அந்தச் சமநிலை குலையும், வேண்டாத இன்னொரு அலைமுறை கிளம்பும். உண்மைச் சில்லில் வயர்பாண்டோ காற்றுப் பாலமோ போட்டு இரு பக்கத்தையும் இணைப்பார்கள். மாதிரியிலும் அதே இடங்களில் இணைப்புகளை வரையுங்கள். எச்எஃப்எஸ்எஸ்ஸில் போர்ட்டை (மாதிரிக்குள் சமிக்ஞை நுழையும், வெளிவரும் இடம்) ஒரு பக்க இடைவெளியில் மட்டும் வைத்தால், அந்த அலைமுறையை நீங்களே கிளப்பிவிட்டதாக ஆகும். போர்ட் இருக்கும் இடத்திலேயே இரு கிரவுண்டையும் சேர்த்துவிடுங்கள்.

6. மெஷ்

மின்னோட்டம் நடுக்கம்பியின் ஓரங்களில்தான் குவிகிறது. 10 மைக்ரான் கம்பிக்கு ஒரே கட்டம் போட்டால் அந்தக் குவியல் தெரியவே தெரியாது. 2 மைக்ரான் கட்டத்தில் தொடங்குங்கள்: கம்பிக்கு ஐந்து, இடைவெளிக்கு மூன்று. பிறகு 1 மைக்ரான், முடிந்தால் 0.5. ஒவ்வொன்றிலும் அதிர்வெண்ணைக் குறித்து, கட்டத்தின் அளவுக்கு எதிராக வரைந்து பாருங்கள். புள்ளிகள் ஒரு கோட்டில் விழத் தொடங்கினால், கட்ட அளவு பூச்சியமாகும் இடம்வரை கோட்டை நீட்டி விடையை எடுத்துக்கொள்ளலாம். பரிமாணங்கள் எல்லாம் கட்டத்தின் முழு எண் மடங்குகளாக இருக்கட்டும். இல்லையென்றால் சானெட் ஓரங்களைக் கட்டத்துக்கு இழுத்துவிடும், நீங்கள் வரைந்தது ஒன்றாகவும் கணக்கிட்டது வேறாகவும் இருக்கும்.

7. இணைப்பைத் தனியாகக் கணக்கிடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் அவ்வளவு மிச்சமாகும்.

ரெசொனேட்டரும் ஃபீட்லைனும் எவ்வளவு இறுக்கமாக இணைந்திருக்கின்றன என்பதை இணைப்பு கியூ சொல்கிறது. முழு ரெசொனேட்டரையும் வரைந்து இதைத் தேடினால், 10,000 கியூவுக்குப் பள்ளத்தின் அகலம் வெறும் 600 கிலோஹெர்ட்ஸ். 4 முதல் 8 கிகாஹெர்ட்ஸ் வரை 5 மெகாஹெர்ட்ஸ் படியில் தேடினால் பள்ளம் இருப்பதே தெரியாமல் தாண்டிப் போய்விடலாம். அதற்குப் பதிலாக, இணைப்புப் பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள்: ஃபீட்லைனின் ஒரு துண்டு, அதற்கு இணையாக ஓடும் ரெசொனேட்டரின் கை, நடுவில் மெல்லிய கிரவுண்ட் பட்டை. ஃபீட்லைனின் இரு முனைகளில் போர்ட் 1, போர்ட் 2. ரெசொனேட்டர் தொடர்ந்து போக வேண்டிய இடத்தில் போர்ட் 3.

இதில் எந்த அதிர்வும் இல்லை, எல்லாம் மெதுவாக மாறும். நாலைந்து அதிர்வெண்கள் போதும், கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும். போர்ட் 1-இலிருந்து 3-க்குப் போகும் அலையின் பங்கான எஸ்31-ஐ எடுங்கள். கால் அலைநீள ரெசொனேட்டரில் அலை ஒருமுறை போய்த் திரும்ப அரை அலைவு நேரம் ஆகும். ஒவ்வொரு முறையும் ஃபீட்லைனின் இரு திசைகளிலும் எஸ்31-இன் வர்க்கம் அளவுக்கு ஆற்றல் கசியும். இதைக் கணக்கிட்டால், இணைப்பு கியூ என்பது பையை எஸ்31-இன் வர்க்கத்தின் இரு மடங்கால் வகுத்தால் வருவது. கியூ 10,000 வேண்டுமென்றால் எஸ்31 மைனஸ் 38 டெசிபெல். 20,000 வேண்டுமென்றால் மைனஸ் 41. கையின் நீளத்தை 100, 200, 300 மைக்ரான் என்று மாற்றி மாற்றி ஓடவிட்டு ஓர் அட்டவணை போட்டுவிட்டால், பிற்பாடு எந்தக் கியூ கேட்டாலும் அட்டவணையைப் பார்த்து நீளத்தைச் சொல்லிவிடலாம்.

இணைப்பு அதிர்வெண்ணையும் கொஞ்சம் இழுக்கும். 10,000 கியூவுக்கு இந்த இணைப்பைத் தூய மின்தேக்கியாக எடுத்துக்கொண்டால் அது 6.6 ஃபெம்டோஃபேரட், அதிர்வெண்ணை 0.8 சதவீதம், அதாவது ஏறத்தாழ 50 மெகாஹெர்ட்ஸ் கீழே இழுக்கும். கைனடிக் பங்கையும் இதையும் சேர்த்தால் 5 மில்லிமீட்டர் கம்பியை 4.86-க்குக் குறைத்துத் தொடங்க வேண்டும்.

8. இப்போது முழு ரெசொனேட்டர்

4.86 மில்லிமீட்டர் கம்பியை மடித்து மடித்து வரைந்து, இணைப்பைச் சேர்த்து, ஃபீட்லைனுக்கு இரண்டு போர்ட் வைத்து ஓடவிடுங்கள். எங்கே தேட வேண்டும் என்பது இப்போது தெரியும்: 5.8 முதல் 6.2 வரை. சில புள்ளிகளை மட்டும் கணக்கிட்டு மீதியை ஊகித்து நிரப்பும் தகவமைப்பு ஓட்டத்தைப் பயன்படுத்துங்கள். எல்லா முக்கிய மென்பொருளிலும் இது உண்டு. பள்ளம் கிடைத்ததும் அதைச் சுற்றி 3 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு மட்டும் 20 கிலோஹெர்ட்ஸ் படியில் மறுபடி ஓட்டுங்கள்.

மாதிரியில் இழப்பு எதுவும் இல்லாததால் பள்ளம் மிக ஆழமாக இருக்கும். மேல்மட்டத்திலிருந்து 3 டெசிபெல் கீழே பள்ளத்தின் அகலத்தை அளந்து, அதிர்வெண்ணை அதனால் வகுத்தால் இணைப்பு கியூ நேரடியாகக் கிடைக்கும். அட்டவணையிலிருந்து எடுத்த எண்ணோடு இது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால், பெரும்பாலும் கிரவுண்ட் எங்கோ துண்டிக்கப்பட்டிருக்கும், அல்லது மடிப்பு ஒன்று ஃபீட்லைனுக்கு மிக அருகில் போயிருக்கும். இன்னொரு எளிய சோதனை: எஸ்11 (போர்ட் 1-க்கே திரும்பும் பங்கு), எஸ்21 (போர்ட் 2-க்குப் போகும் பங்கு) இரண்டின் வர்க்கங்களைக் கூட்டினால் எல்லா அதிர்வெண்ணிலும் 1 வர வேண்டும். குறைந்தால் ஆற்றல் எங்கோ வெளியே போகிறது. பெட்டியின் மேல் மூடியைத் திறந்தவெளி என்று கொடுத்திருந்தால் இந்தக் குறைவு இயல்புதான். அது கதிர்வீச்சு இழப்பு.

பள்ளம் ஒருபுறம் சாய்ந்து தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஃபீட்லைனின் மின்எதிர்ப்பு போர்ட்டுகளோடு சரியாகப் பொருந்தாவிட்டால் அப்படித்தான் வரும். உண்மை அளவீட்டில் சாய்வு இன்னும் கூடுதலாகவே இருக்கும்.

9. உள் கியூவை மென்பொருளிடம் கேட்காதீர்கள்

ஃபீட்லைனுக்குக் கசிவதை விட்டுவிட்டு, ரெசொனேட்டருக்குள்ளேயே இழக்கப்படும் ஆற்றலைச் சொல்வது உள் கியூ. உண்மைச் சில்லில் அந்த ஆற்றல் எங்கே இழக்கப்படுகிறது? பெரும்பாலும் உலோகத்துக்கும் சிலிக்கானுக்கும் நடுவிலும், மேற்பரப்பு ஆக்சைடிலும் உள்ள சில நானோமீட்டர் அடுக்குகளில். 5 மில்லிமீட்டர் நீளக் கம்பியோடு 3 நானோமீட்டர் அடுக்கை ஒரே மெஷ்ஷில் கொண்டுவருவது வீண் வேலை. சிலிக்கானுக்கு ஓர் இழப்பு எண்ணைக் கொடுத்தால் மென்பொருள் அதையே திருப்பித் தரும். அதில் புதிதாக எதையும் நீங்கள் தெரிந்துகொள்ளப் போவதில்லை. கம்பியின் குறுக்குவெட்டை மட்டும் இருபரிமாணத்தில் வைத்து, புலத்தின் ஆற்றலில் எத்தனை பங்கு அந்த அடுக்குகளில் இருக்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது. 10-க்கு 6-ஐவிட 20-க்கு 12 எவ்வளவு நல்லது என்ற ஒப்பீடு அதிலிருந்து கிடைக்கும். உள் கியூவின் உண்மை மதிப்புக்கு அளவீடு ஒன்றே வழி.

10. அளந்த பிறகு

முதல் சில்லை அளந்து வந்ததும் மாதிரியை மூடி வைத்துவிடாதீர்கள். அதன் பெரிய பயன் இனிமேல்தான். பரப்பு இண்டக்டன்ஸைப் பூச்சியமாக்கி ஒருமுறை ஓடவிடுங்கள். நம் மாதிரி 6.13 கொடுக்கிறது என்றும், அளவீட்டில் 5.90 வந்தது என்றும் வைத்துக்கொள்வோம். 6.13-ஐ 5.90-ஆல் வகுத்து வர்க்கமாக்கினால் 1.08. அதாவது கைனடிக் பங்கு காந்தப் பங்கில் 8 சதவீதம், மீட்டருக்கு 0.42 மைக்ரோஹென்றியில் 8 சதவீதம் என்பது 0.034. இதைத் திருப்பிக் கணக்கிட்டால் ஒரு சதுரத்துக்கு 0.21 பிகோஹென்றி. நாம் 0.115 என்று எடுத்தது குறைவு. படலம் நினைத்ததைவிட மெல்லியதாகவோ, மாசு கூடியதாகவோ இருக்கிறது.

கையால் கணக்கிட விருப்பமில்லாவிட்டால், அந்த எண்ணை மட்டும் 0.1, 0.2, 0.3 என்று மாற்றி மென்பொருளை ஓடவிட்டு, 5.90 எங்கே வருகிறது என்று பாருங்கள். ஒரு ரெசொனேட்டரை மட்டும் வைத்து இந்த முடிவுக்கு வராமல், ஒரே சில்லில் வெவ்வேறு நீளத்தில் நாலைந்தை வைத்து எல்லாவற்றுக்கும் ஒரே எண் பொருந்துகிறதா என்று சரிபார்ப்பது பாதுகாப்பு. பொருந்தினால் அடுத்த வரைவில் 0.21-ஐப் போட்டு நீளங்களைத் திருத்துங்கள். படலத்தின் தடிமனையோ, படியவைக்கும் முறையையோ மாற்றினால் அந்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு, பரப்பு மின்தடையையும் மாறும் வெப்பநிலையையும் புதிதாக அளந்து நான்காம் படியிலிருந்து தொடங்குங்கள்.